வண்டியில் பிரெஞ்சு: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் துணையை ஏற்கலாமா?

கிழக்கு ஸ்காபரோ | ஞாயிறு, இரவு 9:12

வணக்கம். ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு பொதுத் தொடக்கப் பள்ளியில் செப்டம்பரிலிருந்து கோர் பிரெஞ்சு, அதாவது தனிப் பாடமாக வரும் பிரெஞ்சு, கற்பிக்கிறேன். இது எனக்கு முதல் ஆண்டு. 4ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை 7 வகுப்புகள், 170க்கு மேற்பட்ட பிள்ளைகள். எனக்கென்று அறை கிடையாது. சக்கரம் வைத்த வண்டியில் புத்தகங்கள், ஒலிபெருக்கி, படச் சீட்டுகள் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு அறை அறையாகத் தள்ளிக்கொண்டு போகிறேன். நான் உள்ளே நுழையும்போது வகுப்பாசிரியர் வெளியேறுவார். அது அவருடைய ஆயத்த நேரம். பாடம் 40 நிமிடம். பலகையைத் துடைத்து, கணினிக்கு வடம் தேடி, பிள்ளைகளை அமர்த்தி முடிப்பதற்குள் அதில் கால்வாசி போய்விடுகிறது.

புதிய ஆசிரியர் அறிமுகத் திட்டத்தின் கீழ் எனக்கு ஒரு வழிகாட்டியைத் தந்திருக்கிறார்கள். மிகவும் அன்பானவர். ஆனால் 3ஆம் வகுப்பு ஆசிரியை, பிரெஞ்சு தெரியாது. இந்தப் பள்ளியில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர் நான் ஒருத்திதான்.

கடந்த வாரம் ஒன்று நடந்தது. 8ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் பகுதிநேர வேலையைப் பற்றி எழுதும்போது 'யூன் ஜொப்' என்று பெண்பாலில் எழுதியிருந்தான். 'அன் ஜொப்' என்று ஆண்பாலாக நான் திருத்தினேன். தன் அம்மம்மா கியூபெக்கில் பிறந்தவர் என்றும் வீட்டில் யூன் என்றுதான் சொல்வார்கள் என்றும் அவன் சொன்னான். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. முகம் சூடாகிவிட்டது. நான் 1ஆம் வகுப்பிலிருந்து இமெர்ஷனில், அதாவது மற்றப் பாடங்களையும் பிரெஞ்சிலேயே கற்பிக்கும் வகுப்பில், படித்தவள்; தெல்ஃப் பி2 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் சித்தியடைந்தவள். ஆனாலும் அன்று இரவு தூக்கம் வரவில்லை. இதைப் பள்ளி அதிபரிடமோ என் வழிகாட்டியிடமோ சொல்ல வாய் வரவில்லை.

தோழி ஒருத்தி, வடக்கு ஒன்டாரியோவின் சட்பரியில் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை ஒருவர் புதியவர்களுடன் வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசி உதவுகிறார், உனக்கும் கேட்டுச் சொல்லட்டுமா என்கிறாள். யாராவது இப்படி ஒருவருடைய துணையோடு முதல் ஆண்டைக் கடந்திருக்கிறீர்களா? நன்மை உண்டா, இன்னொரு சுமையாகிவிடுமா?

மொன்றியல் படிக்கட்டு | ஞாயிறு, இரவு 9:50

முதலில் அந்த ஜொப். பிரான்சில் ஆண்பால், கியூபெக்கில் பேச்சு வழக்கில் பெண்பால். நீங்கள் சொன்னதும் சரி, அந்தப் பிள்ளையின் அம்மம்மா சொல்வதும் சரி. காலைச் சாப்பாட்டுக்குக் கியூபெக்கில் 'தெஜெனே' என்பார்கள். பிரான்சில் அதே சொல் மதியச் சாப்பாடு. நாளைக்கே அந்த மாணவனை அழைத்து, வீட்டில் வழங்கும் இன்னும் நான்கு சொற்களைக் கேட்டு வகுப்புக்குச் சொல்ல வையுங்கள். அவன் உங்கள் பக்கம் வந்துவிடுவான்.

தூங்குங்கள் தங்கச்சி. மற்றதை நாளை எழுதுகிறேன்.

பழைய சுண்ணக்கட்டி | திங்கள், காலை 6:30

நான் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவள். பிரெஞ்சு எங்கள் தெருவின் பெயர்ப்பலகையிலேயே இருந்த மொழி. கனடா வந்து, டொராண்டோவுக்கு மேற்கே 30 ஆண்டுகளுக்கு மேல் கோர் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றேன். அதில் முதல் 9 ஆண்டுகள் வண்டியோடுதான். இப்போது ஆண்டுக்கு இரண்டு புதிய ஆசிரியர்களோடு பேசி வருகிறேன்.

அந்தச் சட்பரி அம்மாவிடம் கட்டாயம் பேசுங்கள்.

காரணத்தை உங்கள் பதிவிலேயே எழுதிவிட்டீர்கள்: "சொல்ல வாய் வரவில்லை." அறிமுகத் திட்டத்தின் வழிகாட்டிக்கும் பணி மதிப்பீட்டுக்கும் தொடர்பில்லை என்பதுதான் விதி. ஆனால் அவர் அதே ஆசிரியர் அறையில் காப்பி குடிப்பவர். அதிபரிடம் நல்ல மதிப்பீடு பெற்றாக வேண்டிய முதல் ஆண்டில், "எனக்கு ஒரு சொல்லின் பால் தெரியவில்லை" என்று யார்தான் அங்கே சொல்வார்கள்? கணித ஆசிரியர் ஒரு கணக்கில் தடுமாறினால் தடுமாற்றம் என்பார்கள். பிரெஞ்சு ஆசிரியர் ஒரு சொல்லில் தடுமாறினால் இவருக்கு மொழியே தெரியாது என்பார்கள். அந்தப் பயம் ஒரு மனிதரை உள்ளுக்குள் அரித்துவிடும். முதல் மூன்று ஆண்டுகளில் விலகிப் போன இளையவர்கள் பலரை எனக்குத் தெரியும். பிள்ளைகளின் குறும்பு தாங்காமல் போனவர்கள் அவர்களில் குறைவு. தங்கள் பிரெஞ்சு போதாது என்று தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டு ஆங்கில வகுப்புக்கு மாறிப் போனவர்களே அதிகம்.

ஓய்வுபெற்றவருக்கு உங்களைப் பற்றி யாரிடமும் அறிக்கை தர வேண்டியதில்லை. அவருக்கு நேரமும் இருக்கிறது. இவை இரண்டும் சேர்ந்து பணியில் இருக்கும் எவரிடமும் உங்களுக்குக் கிடைக்காது.

நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். வாரம் ஒரு அழைப்பு, முக்கால் மணி நேரம். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இந்த வாரம் எந்த வகுப்பை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது?" அந்த ஒரு வகுப்பைப் பற்றி மட்டும் பேசுவோம். ஏழு வகுப்புகளையும் ஒரே இரவில் சரிசெய்ய யாராலும் முடியாது. கடைசி 10 நிமிடம் பிரெஞ்சில் மட்டும் பேசுவோம், பாடத்தைத் தவிர எதைப் பற்றியும். பள்ளியில் நாள் முழுவதும் 9 வயதுப் பிள்ளைகளோடு "உட்கார், புத்தகத்தை எடு" என்ற அளவிலேயே பேசிப் பேசி, நம்முடைய சொந்த பிரெஞ்சு சுருங்கிப்போகும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

வண்டிக்கு இப்போதைக்கு இரண்டு வழிகள். ஒவ்வொரு வகுப்பாசிரியரிடமும் சுவரில் ஒரு கை அகல இடம் கேளுங்கள். நாள், மாதம், வானிலை, பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் ஐந்து வாக்கியங்கள் அங்கே நிரந்தரமாக ஒட்டியிருக்கட்டும். வண்டியின் பாதிச் சுமை சுவருக்குப் போய்விடும். அடுத்து, நீங்கள் நுழைவதற்கு முன்பே பாடம் தொடங்கிவிட வேண்டும். வாரத்துக்கு ஒரு பிள்ளை 'ஆசிரியர்'. உங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் அந்தப் பிள்ளை எழுந்து "போன்ழூர் தூ ல மோந்த்" (எல்லாருக்கும் வணக்கம்) என்று சொல்லி நாளைக் கேட்கத் தொடங்க வேண்டும். நீங்கள் வடத்தைத் தேடும் நேரம் அவர்களுடைய பேச்சு நேரமாகிவிடும். பழக ஒரு மாதம் ஆகும், விட்டுவிடாதீர்கள்.

உங்களை நீ என்று அழைக்கலாமா?

கிழக்கு ஸ்காபரோ | திங்கள், மாலை 5:05

நீ என்றே அழையுங்கள் ரீச்சர். மதிய இடைவேளையில் வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு வாசித்தேன். கண் கலங்கிவிட்டது. மொன்றியல் அண்ணா, அந்த மாணவனிடம் கேட்டேன். நான்கு கேட்டதற்கு ஒன்பது சொற்கள் கொண்டுவந்தான்.

மறுத்துப் பேசுபவன் | திங்கள், இரவு 8:20

நான் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிப்பவன், தொழிற்சங்க வேலையும் பார்க்கிறேன். இங்கே எழுதுபவர்களின் நல்ல மனத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை.

பிரெஞ்சு ஆசிரியர் தட்டுப்பாடு நேற்று வந்ததல்ல. நாடு முழுவதும் ஆளெடுப்பதும் தக்கவைப்பதும் எவ்வளவு கடினமாகிவிட்டது என்று அதிகாரபூர்வ மொழிகள் ஆணையரின் அலுவலகமே 2019இல் ஆய்வு வெளியிட்டது. காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன: அறை இல்லை, பாடப்பொருள் இல்லை, பள்ளியில் மதிப்பு இல்லை. வண்டியோடு அலையும் ஆசிரியருக்குத் தேவை ஓர் அறை. ஓய்வுபெற்றவர்கள் இலவசமாக ஆறுதல் தந்து, இளையவர்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால், அறை தர வேண்டியவர்கள் தரவே மாட்டார்கள்.

இன்னொன்று. ஒன்டாரியோவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஓய்வூதியம் பாதிக்கப்படாமல் ஒரு கல்வியாண்டில் 50 நாள் வேலை செய்யலாம். ஆள் கிடைக்காததால் இடையில் அதை 95 வரைகூட உயர்த்தினார்கள். அந்த நாள்களெல்லாம் எங்கே போயின? சப்ளைக்கு, அதாவது வராத ஆசிரியருக்குப் பதிலாக நிற்பதற்கு. இன்று ஒரு பள்ளியில் 4ஆம் வகுப்பு, நாளை வேறொரு பள்ளியில் 7ஆம் வகுப்பு. 30 ஆண்டு அனுபவத்தை வருகைப் பதிவு எடுக்கவும் வேலைத்தாள் கொடுக்கவும் செலவழிக்கிறோம். அதில் 10 நாளைச் சம்பளத்தோடு ஒதுக்கி, ஒரு புதியவரின் வகுப்பில் அவரோடு சேர்ந்து கற்பிக்க அனுப்பினால் என்ன? அதைக் கேட்போம். இலவசத் தொலைபேசி அழைப்போடு நிறைவடைய வேண்டாம்.

இரண்டு பிள்ளைகளின் தாய் | திங்கள், இரவு 9:02

என் மகள் 5ஆம் வகுப்பு. போன ஆண்டு மட்டும் மூன்று பிரெஞ்சு ஆசிரியர்கள் மாறினார்கள். நடுவில் ஆறு வாரம் யாருமே இல்லை. அவளுக்கு இப்போது முழுதாகத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வாக்கியம் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பது. 8ஆம் வகுப்பு முடிவதற்குள் 600 மணி நேரம் பிரெஞ்சு கிடைக்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அதில் எத்தனை மணி நேரம் உண்மையில் கிடைத்தது என்று நான் கேட்டேன். பதில் வரவில்லை. ஓர் இளைய ஆசிரியர் வேலையை விட்டுப் போகாமல் இருக்க ஓய்வுபெற்ற ஒருவர் உதவினால் அந்த அம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொல்வேன்.

பழைய சுண்ணக்கட்டி | செவ்வாய், காலை 7:10

மறுத்துப் பேசும் தம்பிக்கு: 10 நாள் யோசனையை முழுமனதோடு ஏற்கிறேன். எழுதி அனுப்புங்கள், என் கையெழுத்தும் இருக்கும். தொலைபேசியில் என்னால் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது. வகுப்பின் மூன்றாவது வரிசையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. நேரில் ஒரு நாள் பத்து அழைப்புகளுக்குச் சமம். இப்போது நான் ஒரு வகுப்புக்குள் தன்னார்வலராகப் போக வேண்டுமானால் காவல்துறைச் சான்று, அதிபரின் ஒப்புதல் எல்லாம் பெற்றாக வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக அது இருக்கவேண்டியதுதான். ஆனால் அதற்குள் இலையுதிர்காலம் முடிந்துவிடுகிறது.

ஆனால் அறை கிடைக்கும்வரை அந்தப் பெண் தனியாக நிற்கட்டும் என்று என்னால் சொல்ல முடியாது. நான் வண்டி தள்ளிய 9 ஆண்டுகளில் என்னிடம் ஒருவர்கூட "எப்படி இருக்கிறாய்" என்று பிரெஞ்சில் கேட்கவில்லை. அதனால்தான் இதைச் செய்கிறேன்.

அந்தத் தாய்க்கு: இந்த நாட்டில் இமெர்ஷன் தொடங்கியதே பெற்றோரின் பிடிவாதத்தால்தான். 1965இல் மொன்றியலுக்கு எதிர்க்கரையில் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில் ஆங்கிலம் பேசும் தாய்மார் கல்விச் சபையை விடாமல் நெருக்கி முதல் வகுப்பைத் தொடங்க வைத்தார்கள். உங்கள் கேள்வியை எழுத்தில் கேளுங்கள். பிரெஞ்சுக்கு ஓர் அறை வேண்டும் என்று ஆசிரியர் கேட்டால் முறைப்பாடு; பத்துப் பெற்றோர் கேட்டால் அது கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏறும்.

நாற்பதில் ஆசிரியை | செவ்வாய், இரவு 10:15

எல்லாரும் இனிமையாக எழுதுகிறீர்கள். என் அனுபவம் வேறு, அதையும் சொல்ல வேண்டும்.

வேறு வேலையிலிருந்து வந்து நாற்பது வயதில் ஆசிரியை ஆனேன். எனக்குக் கிடைத்த ஓய்வுபெற்ற ஐயா பெரிய படிப்பாளி. ஆனால் ஒவ்வொரு வாரமும் வினைத்திரிபு அட்டவணைகள் அனுப்புவார். ஏத்ர், அவ்வார், பிறகு ஒழுங்கற்ற வினைகள், பக்கம் பக்கமாக. 2013இல் வந்த பாடத்திட்டம் கேட்பதையும் பேசுவதையும் முதலில் வைக்கிறது. பிள்ளைகள் மொழியைக் கொண்டு ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும் என்கிறது. உணவு கேட்க, வழி சொல்ல, கருத்து மாறுபட. நான் அதைச் சொன்னால், "அடித்தளம் இல்லாமல் வீடு கட்டாதே" என்பார். ஒரு பக்கம் கல்விச் சபையின் ஆலோசகர், மறுபக்கம் அவர். இரண்டு பேருக்கும் பயந்து ஞாயிறு மாலைகளை இழந்தேன். கடைசியில் நன்றி சொல்லிக் கடிதம் எழுதி முடித்துக்கொண்டேன். அதை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது, ஏனென்றால் அவர் உண்மையிலேயே என் நலத்தை விரும்பினார்.

தங்கச்சி, முதல் அழைப்பிலேயே உனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் சொல்லவில்லை.

பழைய சுண்ணக்கட்டி | புதன், காலை 6:45

நாற்பதில் ஆசிரியை சொல்வது எங்களில் பலர் செய்யும் தவறு, நானும் செய்திருக்கிறேன். நாங்கள் கற்ற முறையும் எங்கள் முதல் பத்தாண்டுகளில் கற்பித்த முறையும் அட்டவணைதான். உடலில் ஊறியது. இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன்: அவர்கள் கேட்காமல் எந்தத் தாளையும் அனுப்புவதில்லை.

ஆனால் உச்சரிப்பைப் பற்றி மட்டும் பழைய மனுஷியாகவே இருப்பேன். பிள்ளைகள் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒலியைச் சொல்லித் தராமல் விடுவது சரியல்ல. 'நீ' என்று பொருள்படும் 'தூ' என்ற சொல்லை எடுங்கள். அதில் வருவது நம் 'ஊ' அல்ல. நாக்கை 'ஈ' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, உதட்டை 'ஊ'வுக்குக் குவிக்க வேண்டும். ஈ என்று நீட்டச் சொல்லி, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவிக்கச் சொல்லுங்கள். இரண்டே நிமிடம். ஆண்டுக்கணக்கில் இந்தத் 'தூ'வையும், நம் 'ஊ'வோடு ஒலிக்கும் 'தூ' ('எல்லாம்') என்ற சொல்லையும் பிரித்தறியாமல் இருந்த பிள்ளைகள் அன்று பிரித்துச் சொல்வார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மிக எளிது; ஈயும் ஊவும் நெடிலாகவே அவர்கள் வாயில் இருக்கின்றன.

அதேபோல் தூ (நீ), வூ (நீங்கள்). ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு ஏன் ஒருவரை இரண்டு விதமாக அழைக்க வேண்டும் என்று புரிய வாரங்கள் ஆகும். உன் வகுப்பில் தமிழ்ப் பிள்ளை இருந்தால், "வீட்டில் தாத்தாவை நீ என்பாயா, நீங்கள் என்பாயா?" என்று கேள். உருது, இந்தி, பார்சி பேசும் பிள்ளைகளும் கை தூக்குவார்கள். அன்றைய பாடத்தை அவர்களே மற்றவர்களுக்கு நடத்திவிடுவார்கள்.

மறுத்துப் பேசுபவன் | புதன், மாலை 4:40

10 நாள் யோசனையை வரைவாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். பள்ளிகள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும்: சப்ளைக்கே ஆள் இல்லை, வழிகாட்ட எங்கே அனுப்புவது? அதற்கு ரீச்சர் என்ன சொல்வீர்கள்?

பழைய சுண்ணக்கட்டி | புதன், மாலை 6:00

ஒரு புதியவர் பிப்ரவரியில் விலகினால் ஜூன் வரை எத்தனை சப்ளை நாள் தேவைப்படும் என்று அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். நீங்கள் கணித ஆசிரியர்தானே.

மொன்றியல் படிக்கட்டு | வியாழன், இரவு 9:30

சொன்னபடி எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

நான் மொன்றியலில் அகதிக் குடும்பத்துப் பிள்ளையாக வளர்ந்தவன். அங்கே 1977இன் மொழிச் சட்டம் எங்களைப் போன்றவர்களைப் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் அனுப்பியது. ஆகவே பிரெஞ்சு எனக்குத் தெருவில் வந்த மொழி. இப்போது ஒட்டாவாவில் இமெர்ஷன் ஆசிரியன். எனக்குப் பயம் இருந்திருக்கக் கூடாது அல்லவா? இருந்தது. என் பெயரையும் நிறத்தையும் பார்த்து, "நீங்கள் எங்கே பிரெஞ்சு கற்றீர்கள்?" என்று பெற்றோர் ஒருவர் முதல் வாரத்திலேயே கேட்டார். என் கியூபெக் உச்சரிப்பு 'உண்மையான' பிரெஞ்சு இல்லை என்று இன்னொருவர்.

எனக்கு வாய்த்தவர் வடக்கு ஒன்டாரியோவில் பிறந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் ஆறுதல் சொல்லவில்லை, வரலாறு சொன்னார். 1912இல் ஒன்டாரியோ அரசு ஒழுங்குவிதி 17 என்று ஒன்றைக் கொண்டுவந்து, தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பிரெஞ்சில் கற்பிப்பதையே முடக்கியது. ஒட்டாவாவின் கீக் பள்ளியில் 1916இல் தாய்மார் தொப்பி ஊசிகளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காவல் நின்று ஆசிரியைகளைப் பாதுகாத்தார்கள். தன் குடும்பத்திலும் பள்ளியில் பிரெஞ்சு பேசக் கூசிய தலைமுறை ஒன்று இருந்தது என்றார். "என் உச்சரிப்பையும் சிரித்திருக்கிறார்கள். நான் இதில் பிறந்தவள்" என்றார். யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவர் பேசியதை முழுவதும் புரிந்துகொண்டேன். அடுத்த முறை பெற்றோர் கேட்டபோது, "மொன்றியலில்" என்று தலை நிமிர்ந்து சொன்னேன்.

சட்பரிக்காரர் என்றீர்கள். அவரிடம் பாடக்குறிப்பு மட்டும் கேட்காதீர்கள்.

கிழக்கு ஸ்காபரோ | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:30

பேசினேன்.

முதல் 15 நிமிடம் எனக்குப் பிரெஞ்சே வரவில்லை. காலத்தையெல்லாம் மாற்றி மாற்றிச் சொன்னேன். அவர் ஒன்றையும் திருத்தவில்லை. நான் சொன்னதைச் சரியான வடிவில் திரும்பச் சொல்லி, கேள்வியாக்கிக் கேட்டுக்கொண்டே போனார். அழைப்பு முடிந்த பிறகுதான் அவர் என்னைத் திருத்திக்கொண்டே இருந்தார் என்பது எனக்கு உறைத்தது. மறுநாள் 6ஆம் வகுப்பில் அதையே செய்து பார்த்தேன். "முடித்துவிட்டேன்" என்பதைத் தவறான துணைவினையோடு "ழெ சுவி ஃபினி" என்று ஒரு பிள்ளை சொன்னாள். வழக்கமாக நிறுத்தித் திருத்துவேன். "ஆ, தூ ஆ ஃபினி?" (முடித்துவிட்டாயா?) என்று கேட்டேன். "வி, ழே ஃபினி" என்று சரியாகச் சொன்னாள். திருத்திக்கொண்டது அவளுக்கே தெரியவில்லை.

நாற்பதில் ஆசிரியை அக்கா, நீங்கள் சொன்னபடி முதலிலேயே கேட்டுவிட்டேன்: தாள்கள் வேண்டாம், வகுப்பில் பேச வைக்கும் வழிகள் வேண்டும் என்று. சிரித்துவிட்டு, "நல்லது, என் பெட்டிகளை மாடியிலிருந்து இறக்க வேண்டாம்" என்றார்.

சுவரில் இடம் 7இல் 5 வகுப்பாசிரியர்கள் தந்துவிட்டார்கள். ஒருவர் மாட்டேன் என்றார், ஒருவர் இன்னும் பதில் சொல்லவில்லை. சுண்ணக்கட்டி ரீச்சர், வாராந்தர 'ஆசிரியர்' முறை 4ஆம் வகுப்பில் பிடித்துக்கொண்டது; 8ஆம் வகுப்பில் யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு வாரம் ஆகிவிட்டது.

பழைய சுண்ணக்கட்டி | ஞாயிறு, இரவு 9:15

8ஆம் வகுப்பில் ஒருவரைத் தனியாக எழுப்பாதே. அந்த வயதில் அது தண்டனை. இருவராகச் செய்யட்டும், உட்கார்ந்தபடியே. அந்த ஒன்பது சொல் கொண்டுவந்த பையனிடமிருந்து தொடங்கு.

முன்னேற்ற அறிக்கை எப்போது தர வேண்டும்?

கிழக்கு ஸ்காபரோ | ஞாயிறு, இரவு 9:20

நவம்பர் நடுவில். 170 பிள்ளைகளுக்கும் கருத்துரை. இன்னும் ஒன்றும் எழுதவில்லை ரீச்சர்.

பழைய சுண்ணக்கட்டி | ஞாயிறு, இரவு 9:26

முதல் வகுப்பின் வரைவை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. பிள்ளைகளின் பெயர்களை எடுத்துவிட்டு எண்கள் போடு. நீ கேட்டது, நீ பார்த்தது, இரண்டையும் ஒவ்வொரு வரி எழுதினால் போதும். மதிப்பெண் மொழி வேண்டாம். சனிக்கிழமை காலை 10 மணிக்கு அழைக்கிறேன்.